தலைப்பிரசவம் எந்த ஊரில்?

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ‘லிட்டில் இந்தியா’ எங்கே என்று கேட்டு வருவார்கள். இங்கே இருக்கும் நம்மவர்கள் வாயில் அந்தப் பெயர் அவ்வளவாக வராது. ‘தேக்கா’ என்பார்கள். “ஞாயித்துக்கிழமை தேக்காவுல பார்ப்போம்” என்று சொன்னால் போதும். எந்த முனை, எந்தக் கடை என்பதை அப்புறம் போனில் பேசிக்கொள்ளலாம்.

தேக்கா என்பது ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது. மூங்கிலடி என்று பொருள். மலாய்க்காரர்கள் இதே இடத்துக்கு வைத்த பெயர் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம். புல்லும் தண்ணீரும் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் பெரிதாக நடந்தது. சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்ததால் அந்தக் காலத் தமிழர்கள் இந்தப் பக்கத்தை ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றார்கள். மாடுகள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் தேக்கா சந்தையை ஒட்டி இன்றும் ஒரு பஃபலோ ரோடு இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. ஆங்கிலத்தில் ஓர் எருமை, மலாயில் ஓர் எருமை.

எருமைத் தொழுவத்தின் பெயர் மிச்சமிருக்கும் இன்னோர் இடம், புக்கித் தீமா ரோட்டில் இருக்கும் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை. கே.கே. என்றால் கண்டாங் கெர்பாவ். கடந்த சில மாதங்களாக நானும் என் மனைவியும் மாதம் தவறாமல் போய்வரும் இடம் அது. முதல் குழந்தை. டிசம்பர் 20 வாக்கில் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

தேதி தெரிந்துவிட்டது. எந்த ஊரில் என்பதுதான் ரொம்ப நாளாக முடிவாகாமல் கிடந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்கே பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். “மாப்ள, திருச்சிக்கு நேரா ஃபிளைட் இருக்கு. நாலு மணி நேரம். நீங்க ஏத்தி விட்டா போதும், நாங்க வந்து இறக்கிக்கிறோம்” என்றார் அத்தை. அவர் சொல்லும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரியும்.

ஆனால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும். 36 வாரம் ஆகிவிட்டால் ஏற்றுவதில்லை. நாங்கள் 30 வாரத்தில் நிற்கிறோம். எந்த முடிவானாலும் உடனே எடுத்தாக வேண்டும்.

40 ஆயிரம் குழந்தைகள்

காத்திருக்கும் நேரத்தில் கே.கே.யின் கதையைப் படித்தேன். கண்டாங் கெர்பாவில் 1858இல் ஒரு பொது மருத்துவமனை தொடங்கியிருக்கிறது. 1924இல் அந்த இடம் பிரசவத்துக்கான மருத்துவமனை ஆனது. அதற்கு முன்பெல்லாம் கம்பத்து வீடுகளில் ‘பீடான்’ எனப்படும் மலாய் மருத்துவச்சிகளும், மற்ற சமூகத்து மருத்துவச்சிகளும்தான் பிரசவம் பார்த்தார்கள். மக்கள் மெல்ல மெல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வரத் தொடங்கிய பிறகு கூட்டம் தாங்கவில்லை. 1966ஆம் ஆண்டில் மட்டும் இங்கே பிறந்த குழந்தைகள் கிட்டத்தட்ட 40,000. ஒரே மருத்துவமனையில் அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. சராசரி போட்டால் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். அந்தத் தலைமுறைச் சிங்கப்பூரர் யாரைக் கேட்டாலும், “நானும் கே.கே.தான்” என்று சொல்ல நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் மாடி லிஃப்டில் ஒரு மலாய்த் தாத்தா என் மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, “கே.கே.?” என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டியதும் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

மருத்துவமனை 1997இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்துவிட்டது. ஹாம்ப்ஷயர் ரோட்டில் இருக்கும் பழைய கட்டடத்தில் இன்று தரைப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. குழந்தைகள் வீறிட்ட இடத்தில் இப்போது பஸ், ரயில், சாலை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.

அந்த 40,000ஐப் பார்த்து அன்றைய அரசு பயந்தது. 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற பிரசாரம் வந்தது. நம் ஊரில் சிவப்பு முக்கோணம் வரைந்து ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெல்லாம் எழுதிய அதே காலம். மக்கள் சொன்னதைக் கேட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டார்கள். 1987இல் அரசு அப்படியே திரும்பி, ‘வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்றது. யாரும் திரும்பவில்லை. 2023இல் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 0.97.

தமிழ்நாட்டிலும் காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைக் குறிப்பிட்டு, பதினாறு செல்வங்கள் என்ற பழைய வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகளாக மாற்றிப் பாதி விளையாட்டாகப் பேசியது நினைவிருக்கும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு எம்.பி. இடங்கள் குறையக் கூடாது என்பதுதான் அதில் இருந்த கவலை. இரண்டு ஊரிலும் அரசியல்வாதிகள் குழந்தைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். “நம்ம புள்ளையை எந்த ஊர்க் கணக்குல சேர்ப்பாங்க?” என்று கேட்டாள் என் மனைவி. எனக்கும் அதுதான் கேள்வி.

சான்றிதழில் ஒரு வரி

சிங்கப்பூரில் பிறந்துவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவைப் பார்த்து வந்த எண்ணம் அது. இங்கே அப்பா அம்மாவில் ஒருவராவது சிங்கப்பூரராக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியர்கள். ஆகவே பிறந்த 42 நாளுக்குள் பதிவு செய்து வாங்கும் பிறப்புச் சான்றிதழிலேயே, ‘பிறக்கும்போது இந்தக் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகன் அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் பிள்ளை இந்தியன் ஆகும்.

இதற்கெல்லாம் அலுவலகத்தில் விடுப்பு வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் அப்பாக்களுக்கு அரசு பணம் தரும் விடுப்பு நான்கு வாரமாகிவிட்டது. நல்ல திட்டம். ஆனால் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். என் மனைவிக்கும் 16 வாரத்துக்குப் பதில் 12 வாரம்தான். என்னிடம் இருப்பது சேர்த்து வைத்த 14 நாள் ஆண்டு விடுப்பு. அவள் மன்னார்குடிக்குப் போனால், அந்த 14 நாளை எந்தத் தேதியில் தொடங்குவது? டாக்டர் சொன்ன தேதிக்கு டிக்கெட் எடுத்து, பிள்ளை பத்து நாள் முந்திக்கொண்டால் வீடியோவில்தான் பார்ப்பேன். பத்து நாள் பிந்தினால், பார்த்த நாலாம் நாள் விமானம் ஏற வேண்டும். பிறக்கிற பிள்ளை டிக்கெட்டைப் பார்த்துவிட்டா பிறக்கும்?

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்ற பேச்சும் வீட்டில் உண்டு. அதில் இன்னொரு முடிச்சு. பிள்ளையையும் நிரந்தரவாசியாக்கி, அது ஆணாகவும் இருந்தால், வளர்ந்த பிறகு இரண்டு வருடம் தேசிய சேவை. ஸ்கேன் பார்த்த டாக்டர், “ஆணா பெண்ணா, தெரிந்துகொள்ள விருப்பமா?” என்று சாதாரணமாகக் கேட்டார். நம் ஊரில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டர் அதைச் சொல்வதே குற்றம். அந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல்முறை கேட்ட எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “வேணாம் டாக்டர், வரும்போது பார்த்துக்குறோம்” என்றாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்கு ராணுவ உடுப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தது ஒன்று, வளர்ந்தது ஒன்று

சிங்கப்பூர் மாணவர்கள் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதிக் கொடுத்தவர் எஸ். ராஜரத்னம். இந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். இனம், மொழி, மதம் பார்க்காமல் ஒரே மக்களாக இருப்போம் என்ற எண்ணத்தை இந்த நாட்டின் வாயில் வைத்தவர் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், 1915இல். குடும்பம் மலாயாவில் இருந்தது. மூத்த பிள்ளை சின்ன வயதிலேயே தவறிவிட்டதால், அடுத்த பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சொந்த ஊரில் பிரசவம் பார்த்துவிட்டு, பிறகு மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். 110 வருஷத்துக்கு முன்னாலும் ஒரு வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கிறது என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அந்த அம்மா கப்பலில் போயிருப்பார். அங்கே டாக்டர் கடிதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

1903இல் திருவாரூரில் பிறந்து 1924இல் இங்கே வந்தவர் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் முரசு’ பத்திரிகையை 1935இல் தொடங்கினார். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊர்ப்பக்கமே கண்ணாக இருந்த தமிழர்களிடம், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தொடர்ந்து வற்புறுத்தியவர். கையெழுத்துப் போட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரர்கள். போடாமல் ஊருக்குத் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் என்னைப் போல மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு குடும்பம் உண்டு. தாத்தா திரும்பி வந்தார். பேரன் இப்போது துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான்.

தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் வாட்டர்லூ ஸ்ட்ரீட். நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்கு 1943 அக்டோபர் 22 அன்று அங்கேதான் பயிற்சி முகாம் திறந்தார்கள். துப்பாக்கி பிடித்த பெண்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்காக உயிரைக் கொடுக்கக் கிளம்பியவர்கள் அவர்கள். பிறந்த ஊர் எதுவானாலும், எந்த ஊருக்காக மனசு அடித்துக்கொள்ளும் என்பதை எந்தச் சான்றிதழும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

2025 மே 3ஆம் தேதி இங்கே பொதுத் தேர்தல் நடந்தது. 97 இடங்களில் 87ஐ மக்கள் செயல் கட்சி பிடித்தது. என் மனைவிக்கு மசக்கை உச்சத்தில் இருந்த வாரம். சோற்று வாசனையே ஆகாமல் சோபாவில் படுத்துக்கொண்டு, கட்சிகளின் பிரசாரத்தைத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிபராக யாழ்ப்பாணத்து வேருள்ள தர்மன் சண்முகரத்னம் இருக்கிறார். 2023 தேர்தலில் 70 சதவீதத்துக்கும் மேல் வாங்கி வந்தவர். தமிழ் காதில் விழுகிறது, ஓட்டுதான் இல்லை. 2026இல் தமிழ்நாட்டுத் தேர்தல். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். அப்போது பிள்ளைக்கு நாலைந்து மாதம் இருக்கும். இரண்டு ஊர் அரசியலையும் விடிய விடியப் பேசுகிறேன், விரலில் மை மட்டும் இல்லை.

எந்த அணிக்குக் கைதட்டும்?

1990இல் பிரிட்டன் அரசியல்வாதி நார்மன் டெபிட் ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் எந்த நாட்டுப் பக்கம் என்று தெரிந்துவிடும் என்றார். அவர் தேக்காவுக்கு ஒரு தடவை வந்திருக்கலாம். ஐ.பி.எல். சமயத்தில் இங்கே சில சாப்பாட்டுக் கடைகளில் மஞ்சள் சட்டை இல்லாதவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதே ஆட்கள் சிங்கப்பூர் கால்பந்து அணி ஆடினால் சிவப்புச் சட்டைக்கு மாறிவிடுவார்கள்.

சிங்கப்பூரில் விளையாட்டு வளர்ந்த இடங்களில் ஒன்று தேக்காவை ஒட்டியே இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1843 முதல் ஃபேரர் பார்க் திடலில்தான் குதிரைப் பந்தயம். பிறகு 1933இல் புக்கித் தீமாவுக்கும், பின்னால் கிராஞ்சிக்கும் போய், 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு இந்த நாட்டில் குதிரைப் பந்தயமே முடிந்துவிட்டது. குதிரைகள் போன ஃபேரர் பார்க்கில் பையன்கள் பந்து உதைத்தார்கள். இன்றும் சாயங்காலம் போனால் நாலைந்து ஆட்டம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடக்கும்.

கால்பந்து என்றால் என் அலுவலக நண்பர் ஒருவர் 1998ஐ விட மாட்டார். டைகர் கோப்பை இறுதி ஆட்டம், ஹனோயில், வியட்நாமுக்கு எதிராக. தமிழ்ப் பையன் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுப் பந்து உள்ளே போனது. 1-0. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் டைகர் கோப்பை அது. “தலையால அடிக்கப் போனாரு, தோள்ல பட்டுச்சு. அதுக்கு என்ன, கோல் கோல்தானே!” என்பார். அந்தக் கோலுக்குக் குதித்த சீனர், மலாய்க்காரர், தமிழர் யாரும் சசிகுமாரின் பாட்டன் எந்த ஊர் என்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்பாவாகப் போகிறவன் என்ற முறையில் என் மனதில் நிற்பது 2024 டிசம்பர் 12. செந்தோசா தீவில் உலக செஸ் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயதுச் சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன். அலுவலகத்தில் வேலையை ஓரமாக வைத்துவிட்டு நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் பையனின் கண்ணீரைப் பார்த்தார்கள். நான் பார்த்தது வெளியே மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்ட அந்த அப்பாவை. டாக்டர் ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை நிபுணர். மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்தி வைத்தவர். காய் நகர்த்தியது முழுக்கப் பையன்தான். அப்பா செய்தது, போன இடத்திலெல்லாம் கூட இருந்தது.

அப்போது எங்களுக்குக் குழந்தை பற்றிய செய்தியே கிடையாது. ஆனால் ‘கூட இருந்தது’ என்ற அந்த விஷயம் மட்டும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை

தேக்காவை உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைதான். தீபாவளிக்காகச் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு வளைவுகள் எரிகின்றன. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் பங்களாதேஷ் பிள்ளைகளும் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்து நிறைந்திருப்பார்கள். பணம் அனுப்புவது, முடி வெட்டுவது, வாழை இலைச் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயில். பிறகு புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் மதுக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் கூடிவிட்டன. கூட்டம் குறையவில்லை. ஆறு நாள் உழைத்தவனுக்கு ஊர் மாதிரி இருக்கும் இடம் வேறு ஏது?

வளையல் வாங்க என்று வந்த ஒரு ஞாயிறு, என் மனைவி கேம்பல் லேனில் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தாள். நான் புல்வெளி ஓரத்தில் பைகளோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பையன், 26, 27 வயது இருக்கும். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “யாரு இது? அப்பா பாரு, அப்பா!” என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு குழந்தை போனையே நக்கப் பார்த்தது. பேசி முடித்ததும் அவனாகவே திரும்பினான்.

“பல்லு முளைச்சிருக்கு அண்ணே. கீழ ரெண்டு.”

எந்த ஊர் என்று கேட்டேன். பட்டுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் கிளம்பி வந்திருக்கிறான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் கொஞ்சம் மிச்சம். பிள்ளைக்கு ஒன்பது மாதம். அவன் இன்னும் தூக்கவில்லை.

“கனமா இருப்பாளா அண்ணே, ஒம்போது மாசம்னா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதக் குழந்தையை நானும் தூக்கியதில்லை.

இந்த ஊரில் குடும்பத்தைக் கூட்டி வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால்தான் மனைவி, பிள்ளைகளுக்கு ‘டி.பி.’ எனப்படும் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. நானும் அவனும் ஒரே பக்கத்து ஊர், ஒரே விமானத்தில் வந்திருக்கக்கூடியவர்கள். நடுவில் ஒரு சம்பளக் கோடு.

வளையல் பையோடு என் மனைவி வந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து இடம் விட்டான். “எப்போ அண்ணே?”

“டிசம்பர்.”

“ஊருக்கு அனுப்புறீங்களா?”

“இன்னும் முடிவு பண்ணலப்பா.”

அவன் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான். “நீங்க பக்கத்துல இருக்கலாம்ல அண்ணே?” என்றான். குறை சொல்லும் குரலில் இல்லை. இருக்க முடிகிறவன் ஏன் யோசிக்கிறான் என்று உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. ரயிலில் வீடு வரும்வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கதவைத் திறக்கும்போது அவள்தான் சொன்னாள்: “அம்மாகிட்ட நானே பேசுறேங்க.”

பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாள்

அத்தை முதலில் அழுதார். அப்புறம் கோபப்பட்டார். “வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றார். செலவையும் சொன்னார். வெளிநாட்டினருக்கு இங்கே மானியம் கிடையாது என்பதால், ஊரில் ஆகும் செலவுக்குப் பல மடங்கு ஆகும் என்பது உண்மைதான். நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கார் வாங்குவதற்காகச் சேர்த்த பணம் மன்னார்குடி வங்கியில் இருந்தது. கார் காத்திருக்கும்.

மூன்றாம் நாள் அத்தையிடமிருந்து போன். “அங்க வேப்பிலை கிடைக்குமா?”

அந்தக் கேள்வியில் பாதி சம்மதம் வந்துவிட்டது. தேக்கா சந்தையில் வேப்பிலை, முருங்கைக் கீரை, வாழைப்பூ எல்லாம் கிடைக்கும் என்றேன். பூண்டு? கிடைக்கும். சுக்கு? கிடைக்கும். நல்லெண்ணெய்? இதயமே கிடைக்கும் அத்தை. “பிரசவ லேகியம் மட்டும் நான் கிண்டி எடுத்துட்டு வர்றேன். கடை லேகியம் வேணாம்” என்று முடித்தார். டிசம்பர் முதல் வாரத்துக்குத் திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டாகிவிட்டது. அத்தைக்கு இது முதல் விமானம்.

வளைகாப்பைப் போன வாரம் எங்கள் வாடகை வீட்டிலேயே வைத்தோம். எங்கள் மாடியில் மலாய் மக்சிக் ஒருவர், எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, என் மனைவியின் அலுவலகத் தோழிகள், கீழ்மாடித் தமிழ்க் குடும்பம். ஐந்து வகைச் சாதம். கண்ணாடி வளையலைப் போட்டுவிடும்போது உடைந்துவிடுமோ என்று மக்சிக்குக் கை நடுங்கியது. சீன ஆன்ட்டி அதற்குள் பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு மாதத்துக்கான பட்டியலையே சொல்லிவிட்டார். பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது, இஞ்சி நிறைய, நல்லெண்ணெய் நிறைய. வீடியோவில் இருந்த அத்தைக்கு என் மனைவி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, “அந்த அம்மா விவரமானவங்க!” என்றார். இரண்டு பேரும் நேரில் சந்தித்தால் என் பாடு என்ன ஆகும் என்று இப்போதே யோசிக்கிறேன்.

வளைகாப்பு முடிந்தால் பெண் அந்த வீட்டைத் தாண்டித் தாய்வீடு போக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எல்லோரும் விழித்தபோது, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சீன ஆன்ட்டி தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். என் மனைவி பட்டுப்புடவையும் இரண்டு கை வளையலுமாக நாலடி நடந்து எதிர்வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, சிவப்புப் பேரீச்சை போட்ட சூடான தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மன்னார்குடியிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பிள்ளையின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் சிங்கப்பூர் என்று இருக்கும், குடியுரிமை இந்தியா என்று இருக்கும். நாளைக்கு யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் அதுவே பார்த்துச் சொல்லிக்கொள்ளட்டும். இப்போதைக்கு எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. 42 நாளுக்குள் பெயர் முடிவாக வேண்டும். இரண்டு பாட்டிகளும் இரண்டு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு பெயர்கூட இரண்டிலும் பொதுவாக இல்லை. ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன வைப்பது என்று கே.கே.யில் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். அதன் கடைசியில் என் மனைவி பேனாவால் ஒன்று சேர்த்திருக்கிறாள்: ‘இவர் போன் சார்ஜர். அம்மாவுக்கு உடனே வீடியோ போடணும்.’